கண்டுகொள்ளாமல் போய்விடலாமா? அமெரிக்காவில் ஆசியர் மீதான இனவெறி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவுக்குப் படிக்கவோ வேலைக்கோ போகிறவர்கள், அங்கேயே பிள்ளை வளர்ப்பவர்கள், அவர்களை நினைத்து இங்கிருந்தே கவலைப்படும் பெற்றோர், இவர்கள் கேட்கும் கேள்விகள்தான் இவை. சிலவற்றுக்கு ஒரு வரி போதும். சிலவற்றுக்கு நூறு வருடம் பின்னால் போக வேண்டியிருந்தது. சட்டம் பற்றிச் சொல்லியிருப்பவை பொதுவான விவரங்கள். உங்கள் விஷயத்துக்கு வக்கீலைக் கேட்டுவிடுங்கள்.

இனவெறி என்றால் அடிதடிதானே? "எந்த ஊர்" என்று கேட்பதெல்லாம் அதில் சேருமா?

எந்த ஊர் என்று கேட்பதில் தப்பே இல்லை. ரயிலில் ஏறி உட்கார்ந்ததும் நாம் கேட்கிற முதல் கேள்வியும் அதுதான். பதில் சொன்ன பிறகுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. "நியூ ஜெர்சி" என்கிறாள் அங்கேயே பிறந்த பெண். "அது சரி, நிஜமாகவே எந்த ஊர்?" "அதே நியூ ஜெர்சியில் எடிசன்." "இல்லையில்லை, அப்பா அம்மா எங்கிருந்து வந்தார்கள்?" பக்கத்தில் நிற்கும் வெள்ளைக்காரப் பையனின் தாத்தா போலந்திலிருந்து கப்பலேறி வந்தவராக இருக்கலாம். அவனிடம் இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை.

பியூ ஆய்வு மையம் 2023இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், அமெரிக்காவில் வாழும் ஆசிய வம்சாவளியினரில் 78 சதவீதம் பேர் ஏதாவது ஒரு வகையில் தாங்கள் வெளிநாட்டவராக நடத்தப்பட்டதாகச் சொன்னார்கள். அங்கேயே பிறந்தவர்களும் இதில் அடக்கம்.

கமலா ஹாரிஸ் தன் சுயசரிதையில் அம்மாவைப் பற்றி எழுதியிருப்பதைப் பாருங்கள். சென்னையில் பிறந்த சியாமளா கோபாலன் புற்றுநோய் ஆராய்ச்சியாளர். ஆனால் அவர் பேசும் ஆங்கிலத்தின் சாயலைக் கேட்டதும் விவரமில்லாதவர் என்று முடிவுகட்டிவிடுவார்களாம். கடையில் துணி எடுக்கப் போனால், இவரிடம் இதற்கெல்லாம் காசு ஏது என்ற சந்தேகத்தோடு பின்னாலேயே ஆள் வருமாம். ஒரு அடி விழவில்லை. ஆனால் கூடப் போன மகளுக்கு அது மறக்கவும் இல்லை.

அங்கே 'ஆசியர்' என்றால் சீனர், ஜப்பானியர், கொரியர்தானே? நமக்கு என்ன?

நிறையப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். வரலாறு வேறு மாதிரி இருக்கிறது.

1907 செப்டம்பர் 4 இரவு, வாஷிங்டன் மாநிலத்தின் பெல்லிங்ஹாம் நகரில், மர அறுவை ஆலைகளில் வேலை செய்த இந்தியர்களை நூற்றுக்கணக்கான வெள்ளைத் தொழிலாளர்கள் தங்குமிடங்களிலிருந்து இழுத்து வெளியே போட்டார்கள். பெரும்பாலோர் சீக்கியர்கள். சில நாளில் ஊரில் இந்தியர் யாரும் இல்லை. 1987இல் நியூ ஜெர்சியின் ஜெர்சி சிட்டியில், இந்தியர்களைக் கண்டால் அடிப்போம், ஊரை விட்டே விரட்டுவோம் என்று ஒரு கும்பல் உள்ளூர்ப் பத்திரிகைக்குக் கடிதமே எழுதியது. 'டாட்பஸ்டர்ஸ்', அதாவது பொட்டை ஒழிப்பவர்கள், என்று தங்களுக்குப் பெயரும் வைத்துக்கொண்டார்கள். அந்த வருடமே பக்கத்து ஊரான ஹோபோக்கனில் நவ்ரோஸ் மோடி என்ற இளைஞர் அடித்துக் கொல்லப்பட்டார். இன்று அதே ஜெர்சி சிட்டியின் நியூவார்க் அவென்யூவில் வரிசையாக இந்தியக் கடைகள்.

2001 செப்டம்பர் 11 தாக்குதல் முடிந்து நான்கே நாளில், அரிசோனாவின் மேசா நகரில் பெட்ரோல் பங்க் நடத்திவந்த பல்பீர் சிங் சோதி சுட்டுக் கொல்லப்பட்டார். தலைப்பாகையும் தாடியும்தான் காரணம். 2017 பிப்ரவரியில் கான்சஸ் மாநிலத்தின் ஒலேத்தி நகரில் பொறியாளர் ஸ்ரீனிவாஸ் குச்சிபோட்லாவைக் கொன்றவன், அவரை ஈரானியர் என்று நினைத்திருந்தான். 1982இல் கார் ஆலைகளின் ஊரான டெட்ராய்ட் பக்கம் வின்சென்ட் சின் கொல்லப்பட்டபோது ஊரில் கோபம் ஜப்பான் கார்கள் மேல். அவரோ சீனர். அடிக்கிறவன் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டு அடிப்பதில்லை.

கொரோனா வந்த பிறகு கிளம்பியதுதானே இதெல்லாம்?

இல்லை. 1875இல் சீனப் பெண்கள் வருவதைத் தடுக்க ஒரு சட்டம். 1882இல் சீனத் தொழிலாளர்கள் வரவே கூடாது என்று இன்னொன்று. அது 1943 வரை நீடித்தது. ரத்தான பிறகும் வருடத்துக்கு 105 பேருக்குத்தான் இடம்.

கொரோனா பழைய நெருப்பை ஊதிவிட்டது. ஆசியர் மீதான வெறுப்புச் செயல்களைப் பதிவுசெய்ய 2020 மார்ச்சில் தொடங்கிய 'ஸ்டாப் ஏஏபிஐ ஹேட்' அமைப்புக்கு இரண்டு வருடத்தில் 11,000க்கும் மேற்பட்ட புகார்கள் வந்தன. பெரும்பாலானவை வாய்ப்பேச்சு: திட்டியது, "உன் நாட்டுக்குப் போ" என்றது. 2021 மார்ச் 16 அன்று அட்லாண்டா பகுதி மசாஜ் நிலையங்களில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 8 பேர் இறந்தார்கள். அவர்களில் 6 பேர் ஆசியப் பெண்கள். இரண்டு மாதத்தில் கோவிட் வெறுப்புக் குற்றச் சட்டம் வந்தது.

சட்டமே ஒதுக்கிவைத்த காலத்தில் எதிர்த்து நின்றது யார்?

பெரிய தலைவர்கள் என்று யாரும் இல்லை. ஒரு அம்மா, ஒரு சலவைக்காரர், ஒரு சமையல்காரர்.

அம்மாவின் பெயர் மேரி டேப். 1884இல் சான் பிரான்சிஸ்கோவில் தன் எட்டு வயது மகள் மேமியைப் பக்கத்துப் பள்ளியில் சேர்க்கப் போனார். சீனப் பிள்ளை என்று தலைமை ஆசிரியை வாசலிலேயே நிறுத்திவிட்டார். டேப் குடும்பம் வழக்குப் போட்டது. 1885இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்தது. ஆனால் அதற்குள் மாநிலம் புதுச் சட்டம் போட்டு, சீனப் பிள்ளைகளுக்கென்று தனிப் பள்ளி திறந்துவிட்டது. மேமி கடைசியில் அங்கேதான் போனாள். மேரி சும்மா இருக்கவில்லை. சீனராகப் பிறப்பது அவமானமா, எங்களையும் கடவுள்தானே படைத்தார் என்று கேட்டுக் கல்வி வாரியத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். பத்திரிகையிலும் வந்தது. பிழைகள் உள்ள ஆங்கிலம்தான். படித்தால் இன்றும் சுடுகிறது.

சலவைக்காரரின் வழக்கு இன்னும் நுட்பமானது. மரக் கட்டடத்தில் சலவைக்கடை நடத்த அனுமதி வாங்க வேண்டும் என்று அதே நகரம் ஒரு விதி வைத்திருந்தது. தீ விபத்தைத் தடுக்கவாம். விதியில் சீனர் என்ற வார்த்தையே கிடையாது. ஆனால் விண்ணப்பித்த சுமார் 200 சீனர்களில் ஒருவருக்கும் அனுமதி இல்லை. மற்றவர்கள் 80 பேர், ஒரே ஒருவர் தவிர எல்லாருக்கும் கிடைத்தது. இரண்டு பத்தாண்டுகளாகக் கடை நடத்திவந்தவர் அபராதம் கட்ட மறுத்துச் சிறைக்குப் போய், அங்கிருந்து வழக்காடினார். 1886இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏகமனதாகச் சொன்னது: சட்டத்தின் வாசகம் யோக்கியமாக இருந்து, அமல்படுத்துகிற கை ஓரவஞ்சனை செய்தால் அதுவும் குற்றமே. 'யிக் வோ வழக்கு' என்று சட்டக் கல்லூரிகளில் இன்றும் நடத்துகிறார்கள். வேடிக்கை என்னவென்றால் யிக் வோ என்பது அவர் பெயரே இல்லை, கடையின் பெயர். அதிகாரிகள் விசாரித்துக்கூட எழுதவில்லை.

சமையல்காரர் வோங் கிம் ஆர்க். சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். சீனா போய்விட்டு 1895இல் திரும்பியபோது, நீ குடிமகன் இல்லை என்று கப்பலிலேயே மாதக்கணக்கில் அடைத்துவைத்தார்கள். 1898இல் தீர்ப்பு வந்தது: இந்த மண்ணில் பிறந்தவர், பெற்றோர் சீனப் பிரஜைகளாக இருந்தாலும், இந்த நாட்டின் குடிமகனே. 2025இல் பிறப்புக் குடியுரிமையைக் கட்டுப்படுத்த அதிபர் ஆணை வந்தபோது எல்லாரும் எடுத்துவைத்தது இந்தத் தீர்ப்பைத்தான். ஹெச்-1பி விசாவில் இருக்கும் தம்பதிக்கு அங்கே பிறந்த குழந்தை அமெரிக்கப் பாஸ்போர்ட் வாங்கியதற்கு அடிப்படையும் இதுதான்.

வழக்குப் போட்டவர்கள் எல்லாரும் ஜெயித்தார்களா?

எங்கே! தோற்றவர்கள்தான் அதிகம்.

பகத் சிங் திண்ட், முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். அவர் வெள்ளையர் இல்லை, எனவே குடியுரிமை இல்லை என்று 1923இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஏற்கனவே குடியுரிமை வாங்கியிருந்த இந்தியர்களிடமிருந்தும் பறிக்க ஆரம்பித்தார்கள். அப்படி இழந்தவர்களில் ஒருவர் வைஷ்ணோ தாஸ் பகாய். சான் பிரான்சிஸ்கோவில் கடை வைத்திருந்தவர். பெர்க்லியில் வீடு வாங்கிக் குடிபோன அன்று, அக்கம்பக்கத்தார் அவர்களை உள்ளேயே விடவில்லை. குடியுரிமை போனது, கடை போனது, ஊருக்குப் போய்வரப் பாஸ்போர்ட்டும் கிடைக்கவில்லை. 1928இல், நடந்ததையெல்லாம் பத்திரிகைக்கு எழுதிவைத்துவிட்டு உயிரை விட்டார். மனைவி கலா பகாய் மூன்று பையன்களை வளர்த்து ஆளாக்கினார். 1946இல் சட்டம் மாறிய பிறகு குடியுரிமையும் பெற்றார். வீட்டுக்குள் விடாத அந்த பெர்க்லியில் இன்று ஒரு தெருவுக்குக் கலா பகாய் பெயர்.

1942இல் ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை முகாம்களில் அடைத்தார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். போக மறுத்த பிரெட் கோரமாட்சு, ஒரு வெல்டர். கைதாகி, வழக்காடி, 1944இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். ஏறக்குறைய 40 வருடம் கழித்து, அரசு அன்று உண்மைகளை மறைத்திருந்தது ஆவணங்களில் தெரியவந்தது. 1983இல் அவர் மீதான தண்டனைத் தீர்ப்பு ரத்தானது. 1988இல் அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடு இருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் கொடுத்தது.

நீதிமன்றமெல்லாம் சரி. சாதாரண வாழ்க்கையில் ஜெயித்துக் காட்டியவர்கள்?

எனக்குப் பிடித்தவர் சாமி லீ. கொரியப் பெற்றோருக்கு கலிபோர்னியாவில் 1920இல் பிறந்தவர். நீச்சல்குள டைவிங் பைத்தியம். பாசடினா நகரக் குளத்தில் வெள்ளையர் அல்லாதவர்களுக்கு வாரத்தில் ஒரே நாள், புதன்கிழமை மட்டும் அனுமதி. அன்று சாயங்காலம் தண்ணீர் முழுவதையும் வடித்துவிட்டுப் புதிதாக நிரப்புவார்கள். தீட்டு என்றால் நமக்கு விளக்க வேண்டியதில்லை.

மற்ற நாட்களில் பயிற்சி? அவருடைய பயிற்சியாளர் வீட்டுக் கொல்லையில் பள்ளம் தோண்டி மணலைக் கொட்டினார். லீ அந்த மணலில் குதித்துக் குதித்துப் பழகினார். தண்ணீரில் கால் பட்டால் வழுக்கிக்கொண்டு போகும், மணலில் அப்படி இல்லை. கால் வலுவானது அந்த மணலில்தான் என்று பின்னாளில் சொல்வார்கள். நடுவில் மருத்துவம் படித்து டாக்டரும் ஆனார். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் மேடையிலிருந்து தங்கம். 1952 ஹெல்சிங்கியில் மறுபடியும் தங்கம்.

அதோடு கதை சுபமாக முடிந்தது என்று நினைக்க வேண்டாம். இரண்டு ஒலிம்பிக் தங்கம், ராணுவ டாக்டர் என்ற பதவி, இவ்வளவும் இருந்தும், 1955இல் கார்டன் குரோவ் என்ற ஊரில் அவருக்கு வீடு விற்க மறுத்தார்கள். விஷயம் பத்திரிகைகளில் வெடித்த பிறகுதான் அந்தப் பகுதியில் வீடு கிடைத்தது.

அதே லண்டன் ஒலிம்பிக்கில் விக்கி டிரேவ்ஸ் இரண்டு தங்கம் வாங்கினார். அப்பா பிலிப்பைன்ஸ்காரர். பழகும் நாட்களில் மனாலோ என்ற அப்பாவின் பெயரை விட்டுவிட்டு, ஆங்கிலேய அம்மாவின் டெய்லர் என்ற பெயரை வைத்துக்கொண்டால்தான் நீச்சல் கிளப்பில் சேர்ப்போம் என்றார்களாம்.

நன்றாகப் படித்து, நல்ல வேலைக்குப் போய், வாயை மூடிக்கொண்டு இருந்தால் யாரும் சீண்ட மாட்டார்கள் இல்லையா?

மேலே சாமி லீ கதையைப் படித்தீர்கள்தானே?

'முன்மாதிரிச் சிறுபான்மையினர்' என்று ஆசியர்களைப் புகழ்வது 1966இல் பத்திரிகைகளில் ஆரம்பித்தது. கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் உச்சத்தில் இருந்த நேரம். "இவர்களைப் பாருங்கள், போராடாமலே முன்னேறிவிட்டார்கள்" என்று சொல்ல ஒரு ஆள் தேவைப்பட்டது. பாராட்டு மாதிரி இருக்கும், ஆனால் இன்னொருவர் தலையில் குட்டுவதற்கு நம் கையைப் பிடித்துக்கொள்வது அது.

அப்புறம், நம் முன்னேற்றத்தில் பாதி சல்லடையின் வேலை. 1965 குடியேற்றச் சட்டமும் பின்னால் வந்த ஹெச்-1பி முறையும் படித்தவர்களாகப் பார்த்து உள்ளே விட வழி செய்தன. அந்த 1965 சட்டம் வந்ததே கறுப்பின மக்களின் போராட்டம் உண்டாக்கிய சூழலில். நாம் போராடாமல் முன்னேறவில்லை. நமக்காக வேறு யாரோ அடிவாங்கியிருந்தார்கள்.

அப்படியானால் "கண்டுக்காம போ" என்று பெரியவர்கள் சொல்வது தப்பா?

எல்லா நேரத்திலும் தப்பில்லை. இரவு பதினோரு மணிக்கு, ஆளில்லாத ரயில் பெட்டியில், குடித்துவிட்டு ஒருவன் கத்துகிறான் என்றால் கண்டுகொள்ளாமல் அடுத்த பெட்டிக்குப் போவதுதான் புத்திசாலித்தனம். அங்கே நியாயம் பேசி எதுவும் ஆகப்போவதில்லை.

அலுவலகத்திலும் பள்ளியிலும் அதே அறிவுரை செல்லாது. அங்கே அதே ஆளை நாளையும் பார்க்க வேண்டும். முதல் தடவை சும்மா இருந்தால் இரண்டாவது தடவைக்கு அனுமதி கொடுத்த மாதிரி. கத்தவோ சண்டை போடவோ வேண்டாம். நடந்ததைத் தேதி போட்டு எழுதிவைப்பதும், ஒருவரிடமாவது சொல்லிவைப்பதும் கண்டுகொள்வதுதான்.

"சும்மா ஜோக்குக்குச் சொன்னேன்" என்றால் என்ன பதில் சொல்வது?

"புரியவில்லையே, இதில் எது சிரிப்பு என்று சொல்லுங்கள்" என்று முகத்தில் எதையும் காட்டாமல் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். விளக்க ஆரம்பித்தால் ஜோக் செத்துவிடும்.

நகைச்சுவையாகவே திருப்பிக் கொடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. தலீப் சிங் சௌந்த் இதில் கில்லாடி. பஞ்சாபிலிருந்து போய் பெர்க்லியில் கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கியும், இந்தியர் என்பதால் அதற்கேற்ற வேலை கிடைக்காமல் கலிபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கில் விவசாயம் பார்த்தவர். 1949இல் குடியுரிமை கிடைத்ததும் உள்ளூர் நீதிபதி பதவிக்கு நின்றார். ஓட்டுக் கேட்டுப் போன இடத்தில் ஒருவர், நீங்கள் ஜெயித்தால் கோர்ட்டுக்கு வர நாங்களெல்லாம் தலைப்பாகை வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டுமா, இல்லை நீங்களே கொடுப்பீர்களா என்று எல்லார் முன்னாலும் கேட்டார். தலைக்கு மேல் என்ன இருக்கிறது என்பது எனக்குப் பொருட்டில்லை, தலைக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் என்றார் சௌந்த். 1956இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கே தேர்வானார். ஓட்டுரிமையுள்ள உறுப்பினராக அங்கே போன முதல் ஆசிய வம்சாவளியினர் அவர்தான். இவ்வளவு சட்டென்று பதில் வராது என்றால் விடுங்கள், நம்மில் பலருக்கு நல்ல பதில் வீட்டுக்கு வந்து குளிக்கும்போதுதான் தோன்றும்.

பெயரை மாற்றிக்கொண்டால் வேலை சீக்கிரம் கிடைக்குமா?

கிடைக்கும் என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன, வருத்தமான விஷயம். 2016இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில் ஒரே தகுதியுள்ள ரெஸ்யூமேக்களை இரண்டு விதமாக அனுப்பிப் பார்த்தார்கள். ஆசிய அடையாளம் தெரிந்தவற்றுக்கு 11.5 சதவீதம் அழைப்பு வந்தது. பெயரையும் சங்கங்களின் விவரத்தையும் மாற்றி அடையாளத்தை மறைத்தவற்றுக்கு 21 சதவீதம். வேற்றுமை பாராட்டாத நிறுவனம் என்று விளம்பரத்தில் போட்டவர்களும் அப்படித்தான் நடந்துகொண்டார்கள்.

மாற்றுவதா வேண்டாமா என்பது அவரவர் வயிற்றுப்பாடு. 'கார்த்திகேயன்' 'கார்த்திக்' ஆவதை யாரும் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் மேனேஜர் தன் வாய்க்கு வசதியாக 'கென்' என்று கூப்பிட ஆரம்பித்தால், முதல் வாரமே திருத்திவிடுங்கள்.

ஆக்சென்ட்டைக் காரணம் காட்டிப் பதவி உயர்வு தர மறுக்கலாமா?

பொதுவாகக் கூடாது. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கு 1964 குடிமை உரிமைகள் சட்டம் பொருந்தும். அந்த வேலையைச் செய்வதற்கே பேச்சு நிஜமாக இடைஞ்சலாக இருந்தால்தான் ஆக்சென்ட்டைக் காரணமாகச் சொல்லலாம். "வாடிக்கையாளர்களுக்குப் பிடிக்காது" என்பது செல்லாது.

ஹெச்-1பி விசாவில் இருக்கிறேன். புகார் கொடுத்தால் வேலை போய்விடுமே?

இந்தப் பயம் நியாயமானது. வேலை போனால் அதிகபட்சம் 60 நாளுக்குள் வேறு வேலையோ வேறு விசாவோ பார்க்க வேண்டும். வீட்டுக் கடன், பிள்ளையின் பள்ளி எல்லாம் அந்த 60 நாளில் தொங்கும். கிரீன் கார்டு வரிசையில் வருடக்கணக்கில் நிற்பவர்கள் எதையும் சகித்துக்கொண்டு போவதற்கு இதுதான் காரணம். கோழை என்று யாரும் சொல்ல வேண்டாம்.

ஆனால் சில விஷயங்களைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் குடிமக்களுக்கு மட்டுமானது இல்லை. புகார் கொடுத்ததற்காகப் பழிவாங்குவது தனியாக ஒரு சட்டமீறல். சம வேலைவாய்ப்பு ஆணையத்திடம் புகார் கொடுக்கச் சம்பவத்திலிருந்து 180 நாள் அவகாசம், பல மாநிலங்களில் 300 நாள். எனவே அன்று இரவே முடிவெடுக்க வேண்டியதில்லை. முதலில் வேலைச் சட்ட வக்கீலிடம் பேசுங்கள், பிறகு ஹெச்ஆர். ஹெச்ஆர் எவ்வளவு அன்பாகப் பேசினாலும் அவர்களுக்குச் சம்பளம் தருவது நிறுவனம் என்பதை மறக்க வேண்டாம். ஆதாரங்களின் பிரதியை எடுக்கும்போது நிறுவனத்தின் ரகசியக் கோப்புகளைக் கிளப்பிக்கொண்டு வந்துவிடாதீர்கள். அதைக் காட்டியே வேலையை விட்டுத் தூக்க முடியும்.

பள்ளியில் பிள்ளையைக் கிண்டல் செய்கிறார்கள். என்ன செய்வது?

பிள்ளை முதலில் உங்களிடம் சொல்லாது. அறிகுறிகள் வேறு மாதிரி வரும். டிபன் டப்பா திறக்காமலே திரும்பி வரும். பள்ளி விழாவுக்கு அம்மா சுடிதார் போட்டுக்கொண்டு வர வேண்டாம் என்று சொல்லும். வருகைப் பதிவு எடுக்கும்போது டீச்சர் ஒரு இடத்தில் தயங்கி நிற்பார், பெயரைப் படிப்பதற்கு முன்பே "நான்தான்" என்று பிள்ளை கையைத் தூக்கிவிடும். தன் பெயர் தப்பாக ஒலிப்பதையும் பின்னால் வரும் சிரிப்பையும் தவிர்க்க அது கண்டுபிடித்த வழி.

"நீயும் நாலு போடு போட்டுட்டு வா" என்று சொல்லி அனுப்பாதீர்கள். அங்கே திருப்பி அடித்த பிள்ளைதான் முதலில் மாட்டும். ஆசிரியரிடம் பேசிவிட்டு, பேசியதை மின்னஞ்சலாகவும் அனுப்புங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும், எழுத்தில் இருந்தால் பதில் சொல்லியாக வேண்டும். அரசு நிதி வாங்கும் பள்ளி என்றால் இனம், நிறம், பூர்வீக நாடு காரணமான தொல்லையைத் தடுப்பது அதன் சட்டக் கடமை. அசையவில்லை என்றால் மாவட்டக் கல்வி அலுவலகம், அதற்கு மேல் மத்தியக் கல்வித் துறையின் உரிமைப் பிரிவு.

கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஒரு பெயர் சொல்கிறேன்: பாட்ஸி மிங்க். ஹவாயிலிருந்து 1940களில் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்துக்குப் போனவரை வெள்ளையர் அல்லாதவர்களுக்கான தனி விடுதியில் தங்கவைத்தார்கள். மாணவர், பெற்றோர், பழைய மாணவர் என்று ஆள் சேர்த்துப் போராடி, அந்த விதியையே எடுக்கவைத்தார். பிறகு நாடாளுமன்ற உறுப்பினராகி, கல்வியில் பெண்களுக்குச் சம வாய்ப்புத் தரும் 1972 சட்டத்துக்குக் காரணமானவர்களில் ஒருவரானார்.

பஸ்ஸில் யாரையோ திட்டுகிறார்கள். நான் என்ன செய்ய முடியும்?

குறுக்கே பாய வேண்டும் என்பதில்லை. கான்சஸில் குச்சிபோட்லாவைச் சுட்டவனைத் தடுக்கப் பாய்ந்த இயான் கிரில்லட் குண்டு வாங்கிப் பிழைத்தார். எல்லாருக்கும் அது சாத்தியமில்லை. திட்டுகிறவனை விட்டுவிட்டுத் திட்டு வாங்குபவரிடம் போங்கள். "அடடே, நீங்களா! பார்த்து எவ்வளவு நாளாச்சு" என்று தெரிந்தவர் போலப் பேச்சுக் கொடுங்கள், பக்கத்தில் உட்காருங்கள். டிரைவரையோ ரயில் ஊழியரையோ கூப்பிடுங்கள். வேறு யாராவது உதவிக்கு வந்துவிட்டால் நீங்கள் வீடியோ எடுங்கள், ஆனால் அதைப் பாதிக்கப்பட்டவர் கையில் கொடுங்கள், உங்கள் சமூக ஊடகப் பக்கத்தில் போட்டு லைக் வாங்காதீர்கள். ஒன்றுமே செய்ய முடியவில்லையா, இறங்கும்போது "பார்த்தேன், ரொம்பத் தப்பு, கூட வரட்டுமா?" என்று கேளுங்கள்.

கனடாவும் பிரிட்டனும் பரவாயில்லையா?

1914இல் கோமகட்டா மாரு கப்பலில் வான்கூவர் போன 376 இந்தியரில் இருபது சொச்சம் பேரைத் தவிர மற்றவர்களை இரண்டு மாதம் கடலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பியது கனடா. 2016இல்தான் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்கள். லண்டனில் 1976இல் குரன்விக் என்ற போட்டோ கழுவும் ஆலையில், குஜராத்திப் பெண் ஜெயாபென் தேசாய் மேனேஜரிடம், இது ஆலை இல்லை மிருகக்காட்சிசாலை, உங்கள் விரலசைவுக்கு ஆடும் குரங்குகளும் இருக்கும், தலையைக் கடிக்கும் சிங்கங்களும் இருக்கும், நாங்கள் சிங்கங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். இரண்டு வருடம் வேலைநிறுத்தம். கோரிக்கை நிறைவேறவில்லை. ஆனால் சேலை கட்டிய பெண்களுக்குப் பின்னால் வெள்ளைத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வந்து நின்றது பிரிட்டனுக்குப் புதிது.

நம் ஆட்களிடம் இது இல்லையா?

இருக்கிறது, தாராளமாக. திண்ட் வழக்கில் அவர் தரப்பு வாதம் என்ன தெரியுமா? நாங்கள் உயர்சாதி ஆரியர், இந்தியப் பழங்குடியினரை நாங்கள் பார்ப்பதும் நீங்கள் கறுப்பரைப் பார்ப்பதும் ஒன்றுதான், ஆகவே எங்களையும் வெள்ளையரில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான். நீதிமன்றம் சேர்த்துக்கொள்ளவில்லை. அநியாயத் தீர்ப்புதான், ஆனால் அந்த வாதத்தைப் படிக்கும்போது அவர் மேல் முழு இரக்கமும் வர மாட்டேன் என்கிறது.

நூறு வருடம் கழித்து, 2023 பிப்ரவரியில், சியாட்டில் நகரசபை சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. எதிர்த்து வந்தவர்களிலும் நம்மவர்கள் இருந்தார்கள். கறுப்பினத்தவர் வசிக்கும் பகுதி என்றால் வீடு பார்க்கவே போகாதே என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லித் தருவது யார்? டீச்சர் பெயரைக் கொலை செய்கிறார் என்று வருத்தப்படும் அதே வீட்டில், சீன நண்பனைக் கண்ணைச் சுருக்கிக் காட்டி நக்கல் செய்வதும் நடக்கிறது. பிள்ளைகள் இரண்டையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

போலீஸில் சொன்னால் எடுத்துக்கொள்வார்களா?

வெறும் வார்த்தை என்றால் பெரும்பாலும் குற்ற வழக்கு ஆகாது, அந்த நாட்டின் பேச்சுரிமை அவ்வளவு அகலம். மிரட்டல், அடி, சொத்துக்குச் சேதம், பின்தொடர்தல் இருந்தால் குற்றம். இனத்தைக் காரணமாக வைத்துச் செய்தது என்று நிரூபித்தால் தண்டனை கூடும். நிரூபிக்கத் தேவைப்படுவது அவன் அப்போது சொன்ன வார்த்தைகள். அதனால் அதை அப்படியே, கெட்ட வார்த்தையைக்கூட மாற்றாமல், அன்றைக்கே எழுதிவையுங்கள். இடம், நேரம், பார்த்தவர்களின் தொலைபேசி எண், பக்கத்தில் எந்தக் கடையில் கேமரா இருந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கேமராப் பதிவு சில நாளிலேயே அழிந்துவிடும் என்பதால் கடைக்காரரிடம் மறுநாளே போய்க் கேட்பது நல்லது. புகார் எழுதும் அதிகாரி 'வெறுப்புக் குற்றம்' என்று குறிக்கத் தயங்கினால், உங்கள் வாக்குமூலத்தில் அந்த வார்த்தைகளைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள், புகார் எண்ணை வாங்காமல் நகராதீர்கள். ஆங்கிலம் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். தமிழ் என்றே சொல்லிக் கேளுங்கள், இந்தி பேசுகிறவரைக் கூட்டிவந்து நிறுத்திவிடுவார்கள்.